கத்திக்கு முன்னும் பின்னும்: மலைத்தோட்ட நோயாளியும் மயக்கவியல் மருத்துவரும்

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரிடம், "உங்களுக்கு ஆப்பரேஷன் செய்தது யார்?" என்று கேட்டால் உடனே மருத்துவரின் பெயரைச் சொல்வார். "மயக்கம் கொடுத்தது யார்?" என்று கேட்டால் யோசிப்பார். நம் மக்களிடையே இத்துறையினருக்கு 'பியுஸ் டாக்டர்' என்று பெயர். ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டுப் போய்விடுபவர் என்பதே பலருடைய எண்ணம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, படிக்கும் காலத்தில் இப்பேரவையில் உறுப்பினராக இருந்து, இன்று மயக்கவியல் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில், அந்த எண்ணம் எவ்வளவு குறைபாடுடையது என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

அறுவை மருத்துவர் உடலில் ஏற்பட்ட பழுதைச் சரிசெய்கிறார். அந்தச் சிகிச்சையைத் தாங்கும் நிலையில் உடலை வைத்திருப்பது மயக்கவியல் மருத்துவரின் பொறுப்பு. கடுமையாக நோயுற்றவருக்கு இந்தப் பணி அறுவைக்கூடத்தின் வாசலில் தொடங்குவதில்லை. மலை மேலேயே தொடங்கிவிடுகிறது.

மலையும் தூரமும்

1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் நிறுவிய போ தோட்டமும், 1933இல் தொடங்கப்பட்ட பாரத் தோட்டமும் கேமரன் மலையின் அடையாளங்கள். இன்று தோட்ட வேலையில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர் இருக்கின்றனர். எனினும் தலைமுறைகளாக அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களும் அவர்களின் பிள்ளைகள் பயிலும் தமிழ்ப்பள்ளிகளும் இன்னும் உள்ளன.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை மாவட்ட மருத்துவமனையாகும். பெரிய அறுவையும் தீவிர சிகிச்சையும் தேவைப்படுவோரை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்புவது வழக்கம். சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வளைவுகள் நிறைந்த அப்பாதையில் இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். தோட்டத்தின் உட்பகுதியிலிருந்து நகருக்கு வந்து சேரும் நேரம் தனி.

வயிற்றில் விழுந்த துளை

ஐம்பது வயதுத் தோட்டத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சரிவில் நின்று கொழுந்து வெட்டி வெட்டி முதுகுவலியும் மூட்டுவலியும் அவருக்குப் பழகிப்போனவை. மாதக்கணக்கில் வலி மாத்திரைகளை விழுங்கி வருகிறார். அம்மாத்திரைகளில் ஒரு வகை, இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் படலத்தை நலிவடையச் செய்யும். புண் உண்டாகும். ஒருநாள் அப்புண் துளையாகிவிடும்.

அப்போது அமிலமும் உணவும் வயிற்றறைக்குள் கொட்டுகின்றன. வயிறு பலகைபோல் இறுகுகிறது. கிருமிகள் இரத்தத்தில் பரவுகின்றன. இரத்த நாளங்கள் தளர்ந்து அவற்றிலிருந்து நீர் கசிகிறது. இரத்த அழுத்தம் இறங்குகிறது, நாடி வேகமெடுக்கிறது, சிறுநீர் குறைகிறது. இத்தகைய நோயாளிகள் 2,668 பேரைப் பற்றி டென்மார்க்கில் செய்யப்பட்டு 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, மருத்துவமனைக்கு வந்தபின் அறுவை தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு 2.4 விழுக்காடு குறைவதைக் காட்டியது. வீட்டில், "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கழியும் இரவு அந்தக் கணக்கில் சேரவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

கொழுந்துக் கணக்கு

இந்த நோயாளியின் உடலில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து உதாரணமே போதும். மலையில் பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு மலையில் கொழுந்து வேண்டும், அதை நிரப்பக் கூடைகள் வேண்டும், கூடைகளை ஏற்றிச் செல்ல லாரி வேண்டும். உடலில் நுரையீரல்தான் மலை. பிராணவாயுதான் கொழுந்து. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் கூடை. இதயமும் இரத்த ஓட்டமும் லாரி. ஆலைகளோ உடலின் கோடிக்கணக்கான உயிரணுக்கள்.

ஓய்வாகப் படுத்திருக்கும் பெரியவர் ஒருவரின் இரத்தம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,000 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமந்து செல்கிறது. உடல் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 250 மில்லிலிட்டர்தான். மீதமெல்லாம் ஆபத்துக்கு உதவும் சேமிப்பு. நம் தொழிலாளியிடம் அந்தச் சேமிப்பு மூன்று பக்கத்திலும் கரைகிறது. வலியால் ஆழ்ந்து மூச்சுவிட முடியாமல் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குகிறது. புண்ணிலிருந்து நாள்பட இரத்தம் கசிந்திருந்தால் கூடைகளும் குறைவு. நீர் வற்றியதால் இரத்த ஓட்டமும் மந்தம். போதாதற்கு, அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. நலமாக இருப்பவருக்கு அது ஒரு பொருட்டே அன்று. இவருக்கு அது கூடுதல் சுமை.

மயக்கவியல் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: தடை எங்கே இருக்கிறது? நுரையீரலிலா, இரத்தத்திலா, இரத்த ஓட்டத்திலா? பிராணவாயு கொடுப்பதும், நரம்பு வழி நீர் ஏற்றுவதும், இரத்தம் ஏற்றுவதும், அழுத்தத்தை உயர்த்த நோர்அட்ரினலின் தொடங்குவதும் இக்கேள்விக்கான விடையைப் பொறுத்தவை.

இறங்கும் வழி

பெரிய மருத்துவமனையின் மருத்துவர் தொலைபேசியில் ஆலோசனை சொல்ல, மலையிலுள்ள மருத்துவக் குழு நோயாளியைப் பயணத்திற்குத் தயார் செய்கிறது. கிருமிக்கொல்லி மருந்து மலையிலேயே கொடுக்கப்பட வேண்டும். ஈப்போ சேரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஆம்புலன்சில் கையாளப்படும் நடுத்தர உருளை ஒன்றில் ஏறத்தாழ 680 லிட்டர் பிராணவாயு இருக்கும். நிமிடத்திற்கு 10 லிட்டர் செலவானால் அது 68 நிமிடங்களில் தீர்ந்துவிடும். பயணமோ 120 நிமிடங்கள். தேவை 1,200 லிட்டர். இரண்டு உருளைகள் இருந்தால் கணக்குச் சரியாக இருக்கும். ஆனால் வழியில் மண்சரிவோ விடுமுறை நெரிசலோ ஏற்பட்டால்? ஆகவேதான் தேவையைப் போல் இருமடங்கு எடுத்துச் செல்ல வேண்டுமென்று கற்பிக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோயாளியின் மூச்சுக்குழாயில் செயற்கைக் குழாய் பொருத்தப்பட்டிருந்தால், அதன் நுனியருகே காற்று நிரப்பிய சிறு பை ஒன்று இருக்கும். பக்கவாட்டில் காற்று கசியாமலும், வயிற்றுத் திரவம் நுரையீரலுக்குள் இறங்காமலும் காப்பது அதுதான். மலையில் நிரப்பிய காற்று, கீழே இறங்க இறங்கச் சுருங்கும். பை தளரும். ஆகவே அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவில் இருக்கிறதா என்பதை வழியிலும் அடிவாரத்திலும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

அறுவைக்கூடத்தில்

நலமாக இருப்பவருக்குப் பாதுகாப்பான அளவு மயக்க மருந்து, இந்நோயாளியின் இதயத்தை நிறுத்திவிடக்கூடும். மயக்க மருந்துகளில் பல இரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. எனவே மருந்தின் அளவைக் குறைத்து, அழுத்தத்தைத் தாங்கும் மருந்தைக் கையருகே வைத்துக்கொண்டு தொடங்குகிறோம். அவருடைய வயிறு நிரம்பியிருக்கிறது என்றே கருதி, முதலில் பிராணவாயுவால் நுரையீரலை நிரப்பி, பிறகு மயக்க மருந்தும் தசைத்தளர்ச்சி மருந்தும் அடுத்தடுத்துக் கொடுத்து விரைவாகக் குழாயைப் பொருத்துகிறோம். அறுவை மருத்துவர் துளையை அடைத்து வயிற்றைக் கழுவும் நேரம் முழுவதும் சராசரி இரத்த அழுத்தம் 65க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்கிறோம். உடல் வெப்பம், சிறுநீர், இரத்தத்தின் அமிலத்தன்மை என ஒவ்வொன்றும் நம் கணக்கில் இருக்கும்.

கைகளால் கொடுத்த மூச்சு

அறுவை முடிந்ததும் இவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்வோம். நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் பெரும்பாலும் அப்பிரிவை நடத்துவதும் மயக்கவியல் துறையே. இதற்கு ஒரு வரலாறு உண்டு. மாணவர்களாகிய நீங்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

1952இல் கோப்பன்ஹேகன் நகரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. முதல் மூன்று வாரங்களில் மூச்சுத் தசைகள் செயலிழந்த 31 பேரில் 27 பேர் இறந்தனர். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், அறுவைக்கூடத்தில் தாம் அன்றாடம் செய்வதையே இங்கும் செய்யலாம் என்றார். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தனர். போதிய இயந்திரங்கள் இல்லை. ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு, இரவும் பகலும் பையை அமுக்கினர். இறப்பு பெருமளவு குறைந்தது. 1953 இறுதியில் இப்சன் தொடங்கிய பிரிவே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடி. மலேசியாவில் 1968இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் முதல் பிரிவு தொடங்கப்பட்டது.

மூச்சுக் கொடுப்பதிலும் அளவு உண்டு. கடுமையாகப் பழுதடைந்த நுரையீரலுக்கு ஒவ்வொரு மூச்சிலும் கிலோவுக்கு 12 மில்லிலிட்டருக்குப் பதிலாக 6 மில்லிலிட்டர் கொடுத்தபோது இறப்பு 39.8 விழுக்காட்டிலிருந்து 31.0 விழுக்காடாகக் குறைந்தது என்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்தக் கிலோ, தராசில் காட்டும் எடை அன்று. உயரத்தைக் கொண்டு கணக்கிடும் எடை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு அது ஏறத்தாழ 57 கிலோ. அவருக்குரிய மூச்சு ஏறத்தாழ 340 மில்லிலிட்டர். உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை.

நம் மக்கள் அறிய வேண்டியவை

அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவர் வந்து கேட்கும் கேள்விகளைப் பலர் சடங்காகவே எண்ணுகின்றனர். அவை எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பதை அறிந்தால் மறைக்க மாட்டார்கள்.

1. கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள்? முன்கூட்டியே நாள் குறித்த அறுவைக்குப் பால் கலந்த தேநீரும் உணவாகவே கருதப்படும். அதற்கு 6 மணி நேர இடைவெளி வேண்டும். பாலில்லாத 'தே ஓ' என்றால் 2 மணி நேரம். "தண்ணிதான் குடிச்சேன்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது.

2. என்னென்ன மருந்து உட்கொள்கிறீர்கள்? வலி மாத்திரை, இனிப்பு நீர் மாத்திரை, இரத்தத்தை நீர்மமாக்கும் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பையோடு கொண்டு வருவது இன்னும் நல்லது.

3. பூச்சி மருந்து அடிக்கும் வேலையா? மலையில் காய்கறித் தோட்டங்கள் ஏராளம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி உடலில் சேர்ந்திருந்தால், சில நிமிடங்களில் தெளிய வேண்டிய சக்சமித்தோனியம் என்ற தசைத்தளர்ச்சி மருந்து நெடுநேரம் நீடிக்கும்.

4. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் ஆபத்து நேர்ந்ததா? மயக்க மருந்துக்கு உடல் காட்டும் சில ஆபத்தான எதிர்விளைவுகள் பரம்பரையாக வருபவை.

5. ஆடும் பல், பொய்ப்பல், புகை, மது. இவற்றைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். எங்களுக்கு வேண்டியது தகவல் மட்டுமே.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. திடீரென வயிறு வலித்து, பலகைபோல் இறுகி, அசைந்தாலே வலி கூடினால், இன்னொரு வலி மாத்திரை போட்டுப் படுக்க வேண்டாம். எதையும் உண்ணாமல், குடிக்காமல், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

பேரவை நண்பர்களே, சமூக சேவைக்காக நாம் தோட்டங்களுக்குச் செல்கிறோம். பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறோம், கலைநிகழ்ச்சி படைக்கிறோம். அடுத்த முறை மலையேறும்போது மேற்கண்ட ஐந்து கேள்விகளையும் எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொண்டு போங்கள். பெரியவர்களோடு அமர்ந்து, அவர்கள் உண்ணும் மருந்துகளின் பெயர்களை அத்தாளிலேயே எழுதிக் கொடுங்கள். வீட்டுக் கதவின் பின்புறம் அது ஒட்டியிருக்கட்டும். நோயாளி பேச முடியாத நிலையில் வந்து சேரும்போது, எங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல அந்தத் தாள் ஒன்றாவது இருக்கும். மருத்துவம் படிக்காதவரும் செய்யக்கூடிய பணி இது. கோப்பன்ஹேகன் மாணவர்கள் அன்று தந்தது தங்கள் கைகளின் உழைப்பை. நாம் தர வேண்டியது ஒரு பிற்பகல் நேரம்.