லேப்டாப் திரும்ப வரட்டும்!

வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர் ராஜினாமா செய்கிறார். கம்பெனி லேப்டாப்பும் போனும் வேறு ஊரில், அவர் மேஜைமேல். கசப்பில்லாமல் திரும்ப வாங்க நிறுவனங்கள் செய்ய வேண்டியவை:

1. கொடுக்கும்போதே கையெழுத்து வாங்குங்கள். சீரியல் நம்பர், சார்ஜர், சிம் கார்டு வரை பட்டியலில் இருந்தால் பின்னால் தகராறு வராது.

2. ராஜினாமா வந்த வாரமே ஒப்படைக்கும் தேதியைக் குறியுங்கள். நோட்டீஸ் காலம் முடிந்தபின் ஆளைப் பிடிப்பது கடினம்.

3. கூரியர் செலவை நிறுவனமே ஏற்கட்டும். பெட்டியும் பபிள் ராப்பும் வீடு தேடி வந்தால் யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். லேப்டாப்பை முழுதாக அணைக்கச் சொல்லுங்கள். ஸ்லீப்பில் விட்டால் பெட்டிக்குள் சூடேறும்.

4. ஐபோன், மேக்புக் என்றால் அனுப்பும் முன்பே சொந்த ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லுங்கள். ஆக்டிவேஷன் லாக் இருந்தால் அடுத்தவர் பயன்படுத்த முடியாது. விண்டோஸில் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயைப் பத்திரப்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் பூட்டிய டிஸ்க்கில் உள்ள கோப்புகள் போனதுதான்.

5. பெட்டி வந்த அன்றே ரசீது அனுப்புங்கள். அவருக்கும் அத்தாட்சி வேண்டும்.

6. சம்பளத்தைப் பிணையாகப் பிடித்து வைக்காதீர்கள். 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, விலகியவருக்கு 2 வேலை நாட்களுக்குள் ஊதியம் தர வேண்டும். தொலைந்த பொருளுக்குப் பிடித்தம் செய்யும் முன் அவர் விளக்கத்தைக் கேட்க வேண்டும்.

7. தர மறுத்தால் முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். அடுத்த வழி நீதிமன்றம்: கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 452-ன்படி 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.