பழைய கம்ப்யூட்டரின் வேகத்தைப் பாதுகாப்பாகக் கூட்டுவது எப்படி?

நம் வீடுகள் பலவற்றில் ஒரே ஒரு டெஸ்க்டாப்தான் இருக்கும், அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கியதாக இருக்கும். பிள்ளைகளின் ப்ராஜெக்ட், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், அத்தாவின் கடைக் கணக்கு எல்லாம் அதில்தான். "ஓவர்க்ளாக் பண்ணினால் புதுசு மாதிரி ஓடுமாமே, செய்யட்டுமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் எதைக் கூட்டுகிறோம், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

ஓவர்க்ளாக்கிங் என்றால் என்ன?

பிராசசரை, அது தயாரிக்கப்பட்டபோது நிர்ணயித்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட வைப்பதுதான் ஓவர்க்ளாக்கிங். 2011 ஜனவரியில் வந்த இன்டெல் கோர் ஐ5-2500கே பிராசசரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதன் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை 33 என்ற பெருக்கியால் பெருக்கினால் 3300, அதாவது 3.3 கிகாஹெர்ட்ஸ். பயாஸில் அந்தப் பெருக்கியை 40 ஆக்கினால் 4.0 கிகாஹெர்ட்ஸ். கணக்கு இவ்வளவு எளிது. சிரமம் வெப்பத்தில்தான் இருக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் முடியுமா?

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் பிராசசரின் பெயரும் மதர்போர்டின் சிப்செட்டும் தெரியும். இந்தத் தலைமுறை இன்டெல் பிராசசர்களில், பெயரின் கடைசியில் 'கே' என்ற எழுத்து இருந்தால்தான் பெருக்கியைத் தாராளமாகக் கூட்ட முடியும். மதர்போர்டும் பி67, இசட்68, இசட்77 போன்ற சிப்செட் உள்ளதாக இருக்க வேண்டும். எச்61 சிப்செட் என்றால் 'கே' பிராசசர் இருந்தும் பயனில்லை. லேப்டாப்பில் இந்த முயற்சியே வேண்டாம்.

முடியாது என்று தெரிந்தால் வருந்த வேண்டாம். இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கம்ப்யூட்டருக்கு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினாலே அன்றாட வேலைகளில் பெரிய மாற்றம் தெரியும். சொல்லப்போனால், 'கே' பிராசசர் வைத்திருப்பவர்களும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். டைப் செய்வதற்கும் இணையம் பார்ப்பதற்கும் ஓவர்க்ளாக்கிங் பெரிதாக உதவாது. வீடியோ எடிட்டிங், சில விளையாட்டுகள் போன்ற பிராசசருக்குக் கடும் வேலை தரும் இடங்களில்தான் பலன் தெரியும்.

வேகத்தைவிட வேகமாக ஏறும் வெப்பம்

வேகம் கூடும்போது ஓரளவுக்கு மேல் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டி வரும். பிராசசர் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்பவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் உயரும். நான்கு கோர்களும் 3.4 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடிய பிராசசர், 4.0 கிகாஹெர்ட்ஸில் 1.30 வோல்ட்டில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். வேகம் சுமார் 18 சதவீதம் கூடும். வெப்பமோ சுமார் 38 சதவீதம் கூடும். பிராசசருக்குத் தீங்கு செய்வது பெரும்பாலும் இந்த மின்னழுத்தமும் வெப்பமும்தான். எனவே வேகத்தை மெல்லக் கூட்டுங்கள். மின்னழுத்தத்தை இன்னும் கஞ்சத்தனமாகக் கூட்டுங்கள்.

தொடங்கும் முன்

1. முக்கியமான கோப்புகள் அனைத்தையும் பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ நகல் எடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு கேபினட்டைத் திறந்து தூசியை அகற்றுங்கள். பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு சிறு பொட்டளவு வையுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

3. பிராசசருடன் வந்த சிறிய கூலரை நம்பி இறங்காதீர்கள். பெரிய ஹீட்சிங்க் உள்ள கூலர் தேவை. எஸ்.எம்.பி.எஸ். மலிவானதாகவோ மிகப் பழையதாகவோ இருந்தால் இந்த வேலையைத் தள்ளிவையுங்கள்.

4. பயாஸில் இப்போதுள்ள அமைப்புகளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யும் முறை

முதலில் எதையும் மாற்றாமல் பிரைம்95 போன்ற சோதனை மென்பொருளை 20 நிமிடம் ஓட விடுங்கள். கோர் டெம்ப் மென்பொருளில் வெப்பத்தையும், சிபியு-இசட்டில் மின்னழுத்தத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதே 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், கூலரைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

பிறகு பயாஸில் பெருக்கியை 36 ஆக்குங்கள். 20 நிமிடம் சோதியுங்கள். நன்றாக இருந்தால் 37, பிறகு 38 என்று ஒவ்வொன்றாக ஏறுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் என்ற அடிப்படைத் துடிப்பைத் தொடாதீர்கள். இந்தத் தலைமுறையில் ஹார்ட் டிஸ்க், யு.எஸ்.பி. முதலியவற்றின் துடிப்பும் அதனோடு கட்டப்பட்டிருக்கிறது.

மின்னழுத்தம் 'ஆட்டோ'வில் இருந்தால் சில மதர்போர்டுகள் தேவைக்கு மேல் ஏற்றிவிடும். சிபியு-இசட்டில் கண் வைத்திருங்கள். முதல்முறை செய்பவர்கள் 1.30 வோல்ட், 80 டிகிரி இரண்டையும் தாண்டாத எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. கம்ப்யூட்டர் உறைந்தாலோ, நீலத் திரை வந்தாலோ, தானாக ரீஸ்டார்ட் ஆனாலோ மின்னழுத்தத்தை ஏற்றிப் போராட வேண்டாம். பெருக்கியை ஓரிரு படி இறக்குங்கள். திரையே வரவில்லை என்றால் மின் இணைப்பைப் பிடுங்கி, மதர்போர்டில் உள்ள சிறிய காசு பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஒரு வேகத்தில் நிறுத்தியதும், சில மணி நேரம் தொடர்ந்து சோதியுங்கள். அப்போது யாராவது அருகில் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் சோதித்தவர்கள் கோடையில் மறுபடியும் பாருங்கள். அறையின் வெப்பம் 10 டிகிரி கூடினால் பிராசசரின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு கூடும்.

நான் பட்ட பாடு

முதல்முறை செய்தபோது 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை போனேன். கம்ப்யூட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்து நீண்ட சோதனையைச் செய்யவில்லை. சில நாள் கழித்து, தங்கை மகளின் நிக்காஹ் படங்களைச் சுருக்கி வைத்த கோப்பைத் திறந்தால் பழுது என்று வந்தது. வேகம் தாங்காத பிராசசர் நின்று போகாமலே தவறாகக் கணக்குப் போடக்கூடும் என்று அன்றுதான் புரிந்தது. கேமராவின் மெமரி கார்டில் படங்கள் அழியாமல் இருந்ததால் தப்பித்தேன். இப்போது அதே கம்ப்யூட்டர் 4.0 கிகாஹெர்ட்ஸில் நிம்மதியாக ஓடுகிறது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் வீட்டில் எல்லோருக்கும் பொது. பெரியவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பின்னாளில் அதை விற்க நேர்ந்தால், கூடுதல் வேகத்தில் ஓட்டியதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பொருளின் நிலையைச் சொல்லி விற்பதே நேர்மையான வியாபாரம்.