எல்லை கடந்த தொண்டு

1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், வட இத்தாலியின் சோல்பெரினோ என்னும் ஊரருகே பெரும்போர் மூண்டது. பிரான்சு, சார்டினியா நாட்டுப் படைகள் ஒருபுறமும் ஆஸ்திரியப் படை மறுபுறமும் நின்று மோதின. பல்லாயிரம் வீரர்கள் மாண்டனர். காயமுற்றுக் கிடந்தோர் அதனினும் பலர். அங்கு வந்திருந்த ஜெனீவா நகர வணிகர் ஹென்றி டுனான்ட் அக்காட்சியைக் கண்டு உள்ளம் பதைத்தார். காஸ்டிலியோன் என்னும் ஊரின் பெண்கள் அவருக்குத் துணைநின்றனர். நம்மவர், பகைவர் என்னும் வேறுபாடு பாராமல் அவர்கள் வீரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தனர்; காயங்களுக்குக் கட்டுப் போட்டனர்.

ஆயினும் இரக்கம் மட்டும் போதவில்லை. மருத்துவர்கள் மிகச் சிலரே இருந்தனர். ஆஸ்திரிய மருத்துவர்கள் சிலரோ பிரெஞ்சுப் படையினரிடம் சிறைப்பட்டிருந்தனர். அவர்களை விடுவிக்குமாறு டுனான்ட் வேண்டினார்; அவ்வாறே விடுவிக்கப்பட்டனர். அன்று ஒருவருடைய வேண்டுகோளால் நடந்தது, எல்லாப் போர்களிலும் விதியாக வேண்டும் என்று அவர் கருதினார். தாம் கண்டவற்றை 1862இல் நூலாக வெளியிட்டார். அதன் பயனாக 1863இல் ஜெனீவாவில் தோன்றிய குழுவே பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவாக வளர்ந்தது. 1864இல் 12 நாடுகள் ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. காயமுற்றவர் எந்நாட்டவராயினும் மருத்துவம் பெறவும், மருத்துவர்கள் நடுநிலையாளராக மதிக்கப்படவும் அது வழிவகுத்தது.

பிறநாட்டில் தொண்டு செய்வோர்க்கு அன்புள்ளத்துடன், நாடுகளுக்கிடையே உள்ள உறவைப் பற்றிய அறிவும் தேவை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அவ்வறிவைத் தருவதே பன்னாட்டு உறவுக் கல்வி. முதல் உலகப் போருக்குப் பின், 1919இல், வேல்சு நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரில் இதற்கெனப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. இந்தியாவில் 1955இல் தில்லியில் தொடங்கப்பட்ட பன்னாட்டுக் கல்வி நிறுவனம், பின்னர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று.

இக்கல்வியில் வரலாறு, சட்டம், பொருளியல், மொழி முதலியன இடம்பெறுகின்றன. ஓர் ஊரில் இரு பிரிவினர் பகைத்திருக்கும்போது, உணவுப் பங்கீட்டை ஒரு பிரிவின் தலைவரிடம் மட்டும் ஒப்படைத்தால் மற்றவர் ஐயுறுவர். பகையின் வரலாறு அறிந்தவர் அப்பிழையைத் தவிர்ப்பார். மருந்து வண்டி தடுத்து நிறுத்தப்படும்போது, சட்டம் அறிந்தவர் அமைதியாகப் பேசி வழி பெற முயல்வார். அறுவடைக் காலத்தில் அயல்நாட்டுத் தானியத்தை இலவசமாகக் குவித்தால் உள்ளூர் உழவரின் விளைச்சல் விலைபோகாது. பொருளியல் கற்றவர் அதனை முன்னரே உணர்வார்.

விடை காண்பதற்கு அரிய வினாக்களும் உண்டு. தொண்டர் ஒருவர் கொடுமையைக் கண்டால் அதை உலகறியச் சொல்லலாமா? சொன்னால் அவர் வெளியேற்றப்படலாம், நோயாளிகள் கைவிடப்படுவர். சொல்லாவிட்டால் கொடுமை மறைந்துபோகும். செஞ்சிலுவைக் குழு பெரும்பாலும் அதிகாரிகளிடம் தனியே பேசுவதையே தன் வழியாகக் கொண்டுள்ளது. கண்டதைச் சொல்வதும் கடமையே என்று கருதியோர் 1971இல் பாரிசில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பைத் தொடங்கினர். இரண்டு வழிகளாலும் உயிர்கள் காக்கப்படுகின்றன. எவ்விடத்தில் எவ்வழி ஏற்றது என்று சீர்தூக்கிப் பார்க்கும் ஆற்றலை இக்கல்வி வளர்க்கிறது.

பட்டம் மட்டுமே ஒருவரைத் தொண்டராக்கிவிடாது. செவிலியர், பொறியாளர், கணக்கர் ஆகியோருடன் இணைந்து பணியாற்றும் பணிவும் வேண்டும். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறு மொழியும் பேசி வளரும் பிள்ளைகள், பிறர் வழக்கத்தை மதித்துப் பழகும் பண்பை இளமையிலேயே பெறுகின்றனர். அப்பண்பே எல்லை கடந்த தொண்டின் முதற்படியாகும்.

சொற்பொருள்
பதைத்தார் – துடித்தார்
ஐயுறுவர் – சந்தேகம் கொள்வர்
சீர்தூக்கி – நன்மை தீமைகளை ஆராய்ந்து

பயிற்சி
1. சோல்பெரினோவில் இரக்கம் மட்டும் போதாமற்போனது ஏன்?
2. 1864ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயன் யாது?
3. இலவசத் தானியம் உழவருக்குத் தீங்காவது எவ்வாறு?
4. பிரித்து எழுதுக: எந்நாட்டவர், அவ்வறிவு, முதற்படி.
5. கொடுமையைக் கண்ட தொண்டர் பேச வேண்டுமா, பொறுக்க வேண்டுமா? உம் கருத்தைக் காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.