டூ-ஃபைவ்-ஒன்: கிட்டாரில் ஜாஸ் கார்டுகள் பழக முழுமையான வழிகாட்டி

சி, ஜி, ஏ மைனர், எஃப் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. நாலு பாட்டுக்குத் தாளம் பிசகாமல் வாசிக்கவும் முடிகிறது. ஜாஸ் கேட்டால் மட்டும் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிக்கிறோம். இந்த இடத்தில் நிற்பவருக்காகத்தான் இந்த வழிகாட்டி.

ஆயிரம் கார்டு படம் போட்ட புத்தகம் ஒன்றை வாங்கி, முதல் நாற்பது பக்கத்தை நெட்டுருப் போட்டு, ஒரு பாட்டுகூட முழுதாக வாசிக்க வராமல் நான் ஓர் ஆண்டைத் தொலைத்திருக்கிறேன். நாம் அந்த வழியில் போக வேண்டாம். மூன்றே கார்டுகளில் தொடங்குவோம்.

என்ன இது?

ஜாஸில் கார்டுகள் சேர்ந்துதான் பயணம் செய்யும். அதிகம் தென்படும் கூட்டணிக்கு 'டூ-ஃபைவ்-ஒன்' என்று பெயர். சி-யை முதல் சுரமான ஸ என்று வைத்துக்கொண்டால் டி இரண்டாவதான ரி ஆகும், ஜி ஐந்தாவதான ப ஆகும். ரி-யில் ஒரு கார்டு, ப-வில் ஒரு கார்டு, பிறகு ஸ-வில் வந்து அமர்வது. அதாவது டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். முதலாவது கிளம்பும், இரண்டாவது இழுக்கும், மூன்றாவதில் வீடு வந்து சேர்வோம்.

எவ்வளவு செலவு?

கையிலிருக்கும் கிட்டாரே போதும். ஜாஸுக்கென்று எலெக்ட்ரிக் கிட்டார் தேடி ஓட வேண்டாம். புதிதாக வாங்குபவருக்கு 6,000 முதல் 10,000 ரூபாய்க்குள் பழகுவதற்கேற்ற அக்கூஸ்டிக் கிடைக்கும். அந்தக் காலத்து மொத்தை ஒலி வேண்டுமென்றால் ஃபிளாட்வவுண்ட் கம்பி போடலாம். சாதாரணக் கம்பியைவிட விலை கூடுதல், ஆனால் நெடுநாள் உழைக்கும். தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி இலவசம். ஐரியல் ப்ரோ என்ற செயலி பேஸும் டிரம்ஸும் கூடவே வாசிக்கும். காசு கொடுத்துதான் வாங்க வேண்டும், முதல் மாதத்தில் தேவைப்படாது.

உண்மையான செலவு நேரம்தான். நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதால் பயனில்லை.

எப்படிக் கை வைப்பது?

தடித்த கம்பி ஆறாவது. கீழே முதல் எண் கம்பி, இரண்டாம் எண் ஃபிரெட்.

டி மைனர் செவன்: 5-5, 4-3, 3-5
ஜி செவன்: 6-3, 4-3, 3-4
சி மேஜர் செவன்: 5-3, 4-2, 3-4

ஒவ்வொன்றிலும் மூன்று கம்பிதான் ஒலிக்க வேண்டும், மற்றவை வாய் திறக்கக் கூடாது. ஜி செவனில் நடுவிரல் ஆறாம் கம்பியை அழுத்தும்போதே அதன் நுனி ஐந்தாம் கம்பியை லேசாகத் தொட்டு அடக்கிவிட வேண்டும். மோதிர விரல் நான்காம் கம்பிக்கு, சுண்டுவிரல் மூன்றாம் கம்பிக்கு.

இப்போது அடியிலிருக்கும் பேஸ் சுரத்தை விட்டுவிட்டு, நான்காம், மூன்றாம் கம்பிகளை மட்டும் மீட்டிப் பாருங்கள். முதல் மாற்றத்தில் நான்காம் கம்பி அதே மூன்றாம் ஃபிரெட்டில் நிற்கிறது; மூன்றாம் கம்பி மட்டும் ஐந்திலிருந்து நாலுக்கு இறங்குகிறது. அடுத்த மாற்றத்தில் மூன்றாம் கம்பி அசையாது. நான்காம் கம்பி மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குகிறது. ஒருவர் நிற்க ஒருவர் நகர்கிறார், அதுவும் ஒரே ஒரு ஃபிரெட். ஜாஸ் கார்டுகளின் இழுவை முழுக்க இந்த அரைப்படி இறக்கத்தில் இருக்கிறது. விரல்கள் மாறலாம், அந்த இரண்டு சுரமும் எங்கே போகின்றன என்பதைக் காது பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் முழுவதும் இது மட்டும். அலுப்புத் தட்டினால் வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள்.

இத்தனை குறைவான சுரங்களா என்று சந்தேகம் வரலாம். கவுண்ட் பேஸியின் இசைக்குழுவில் 1937-இல் சேர்ந்து 1987-இல் இறக்கும்வரை வாசித்த ஃபிரெடி கிரீன், இப்படிப்பட்ட சிக்கனமான கார்டுகளை வைத்துத்தான், ஆம்ப்ளிஃபயர் இல்லாத கிட்டாரில், ஒரு பெரிய பேண்டையே தாங்கினார்.

தாளம்

மெட்ரோனோமை 40-இல் வையுங்கள். அதன் தட்டலை ஒன்று என்று எண்ணாமல் இரண்டு, நான்கு என்று எண்ணுங்கள். உண்மையான வேகம் 80 ஆகிவிடும். முதல் இரண்டு நாள் தலை சுற்றும், எல்லாருக்கும் சுற்றியதுதான். ஃபிரெடி கிரீன் பாணியில் ஓர் எண்ணிக்கைக்கு ஓர் அடி, நாலும் கீழ்நோக்கி, அடித்தவுடன் இடக்கையைத் தளர்த்தி ஒலியைக் குறுக்குங்கள்.

அடுத்து எங்கே?

அதே உருவங்களை இரண்டு ஃபிரெட் இறக்குவோம். சி மைனர் செவன் (5-3, 4-1, 3-3), எஃப் செவன் (6-1, 4-1, 3-2), பி ஃபிளாட் மேஜர் செவன் (5-1, 4 வெறும் கம்பி, 3-2). சாக்ஸபோன், டிரம்பெட்காரர்களுக்கு ஃபிளாட் சுருதிகள்தான் வசதி. ஆகையால் பி ஃபிளாட், எஃப், ஈ ஃபிளாட் ஆகியவற்றில் பழகுவது வீண் போகாது.

இப்போது ஒரு மைனர் கூட்டணி. ஏ மைனர் செவன் ஃபிளாட் ஃபைவ்: 6-5, 4-5, 3-5, 2-4. டி செவன் ஃபிளாட் நைன்: 5-5, 4-4, 3-5, 2-4. ஜி மைனர் செவன்: 6-3, 4-3, 3-3. முதலிரண்டிலும் இரண்டாம் கம்பியும் மூன்றாம் கம்பியும் இடம் மாறவே இல்லை, கவனித்தீர்களா?

இந்த இரண்டு கூட்டணிக்கும் நடுவே ஈ ஃபிளாட் மேஜர் செவனை (5-6, 4-5, 3-7) பாலமாக வைத்தால், 'ஆட்டம் லீவ்ஸ்' பாட்டின் முதல் எட்டு பாரும் (நாலு எண்ணிக்கை ஒரு பார்) ஜி மைனரில் கையில் வந்துவிடும். ஜோசப் கோஸ்மா 1945-இல் பிரான்சில் அமைத்த மெட்டு அது. தொடங்குபவர்களுக்கு ஆசிரியர்கள் பெரும்பாலும் இதைக் கொடுப்பது ஏன் என்று இப்போது புரியும்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு பார் புளூஸ். டியூக் எலிங்டனின் 'சி ஜாம் புளூஸ்' மெட்டில் மொத்தமே இரண்டு சுரம்தான், ப-வும் ஸ-வும். சி-யில் வாசிக்கும் புளூஸின் ஜாஸ் வடிவத்தில் ஒன்பதாம், பத்தாம் பாரில் நம் பழைய டி மைனர் செவனும் ஜி செவனும் நிற்கும். புது வீட்டில் தெரிந்த முகம். 1930-இல் கெர்ஷ்வின் எழுதிய 'ஐ காட் ரிதம்' கார்டுகளை மூன்றாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை

சி-யில் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால் ஆறு மாதம் கழித்தும் சி-யில் மட்டும்தான் வரும். வாரம் ஒரு சுருதி கூட்டுங்கள்.

சாக்ஸபோன் கலைஞர் கோல்ட்ரேனின் கடினமான 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். கேட்கலாம், தாராளமாக.

பேஸ் வாசிப்பவர் கூட இருந்தால் ஐந்தாம், ஆறாம் கம்பிச் சுரத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். இரண்டு பேரும் அதே இடத்தில் அடித்தால் சேறு கலக்கியதுபோல் இருக்கும்.

மணிக்கட்டு வலித்தால் நிறுத்துங்கள். விரல்நுனி எரிவது வேறு, அது பத்து நாளில் காய்த்துப்போகும். மணிக்கட்டு வலி அப்படியல்ல; பெரும்பாலும் கட்டைவிரலை அளவுக்குமேல் அழுத்துகிறோம் என்று பொருள். கிட்டாரைச் சற்றே உயர்த்திப் பிடித்து, கட்டைவிரலைத் தளர்த்தி, டி மைனர் செவனிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.