ஜூன் மாதக் கொடியும் மற்ற பதினோரு மாதங்களும்

ஜூன் பிறந்துவிட்டால் பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கும் பல ஐ.டி. அலுவலகங்களில் வானவில் ஏறிவிடும். வரவேற்பறையில் பலூன், அடையாள அட்டைக்கு வண்ணக் கயிறு, கேன்டீனில் கேக், லிங்க்ட்இன் பக்கத்தில் புது லோகோ. ஜூலை பிறந்ததும் எல்லாவற்றையும் கழற்றி அட்டைப்பெட்டியில் கட்டிவிடுவார்கள். இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான், "இங்கே நமக்கும் இடம் இருக்கலாம்" என்று முதன்முதலாக மூச்சுவிட்ட புது ஊழியர்கள் இருக்கிறார்கள். அதனால் கேலியை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) ஒரு அலுவலகத்தில் நிம்மதியாக இருக்க முடியுமா என்பதை ஜாயினிங் அன்று நிரப்பும் படிவமும், மதியச் சாப்பாட்டு மேசையும், கழிப்பறை வாசலும்தான் முடிவு செய்கின்றன. ஜூனில் கொண்டாடுங்கள், கூடவே இவற்றையும் சரிபாருங்கள்.

ஜூன் பால்புதுமையினரின் பெருமித மாதமானதற்குக் காரணம் 1969 ஜூன் 28. நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீஸ் நுழைந்தபோது அங்கிருந்தவர்கள் திருப்பி எதிர்த்த இரவு அது. இந்தியாவில் முதல் பெருமித நடை 1999 ஜூலை 2இல் கொல்கத்தாவில் நடந்தது. சென்னையின் முதல் வானவில் பேரணி 2009 ஜூன் கடைசி ஞாயிறன்று மெரினாவில். நான்கே நாளில் டெல்லி உயர் நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை மறுபடி உயிர்ப்பித்தது. 2018 செப்டம்பர் 6இல் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் சென்னையில் பேரணி நடந்தது. சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகளாக இருந்தபடியே நடந்தார்கள். நிறுவனங்கள் பேனர் பிடித்துக்கொண்டு வந்தது பிற்பாடு. ஆகவே அங்கே நிறுவனம் விருந்தாளி. விருந்தாளியின் பேனர் பின்வரிசையில் வந்தால் போதும்.

சொல்வதா, வேண்டாமா?

முதல் கேள்வி இதுதான். அலுவலகத்தில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய கடன் யாருக்கும் கிடையாது. ஒருவரின் பாலீர்ப்பு அவருடைய அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று 2017 புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தெளிவாகவே சொல்லியிருக்கிறது. "இது முற்போக்கான கம்பெனி, தைரியமாகச் சொல்லு" என்று தோளைத் தட்டுபவருக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தால், உங்கள் அப்ரைசலில் கை வைக்காத ஒரு சக ஊழியரிடமிருந்து தொடங்குங்கள். அவர் மற்றவர்களைப் பற்றி உங்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று ஒரு மாதம் கவனியுங்கள். நாளை உங்களைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார். சொல்லும்போதே, "இது நமக்குள் மட்டும்" அல்லது "டீமில் தெரிந்தாலும் பரவாயில்லை" என்று எல்லை போட்டுவிடுங்கள். டீம் அவுட்டிங்கில் இரவு பதினொரு மணிக்கு எதையும் தொடங்க வேண்டாம். மேனேஜரிடம் சொல்வதை, அவரிடமிருந்து ஏதாவது தேவைப்படும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்: இடமாற்றம், விடுப்பு, ஷிப்ட் மாற்றம். எச்.ஆரிடம் பேசுவதானால் முதலில், "நான் சொல்வது எங்கே பதிவாகும், யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

வீட்டுக்குத் தெரியாமல் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "அவசரத் தொடர்பு" என்ற கட்டத்தில் பழக்கதோஷத்தில் அப்பாவின் எண்ணை எழுதிவிடுகிறோம். நீங்கள் இரண்டு நாள் வேலைக்கு வராவிட்டால் அந்த எண்ணுக்குத்தான் போன் போகும். பின்னணிச் சரிபார்ப்புக்கு ஆள் வந்து கதவைத் தட்டுவதும் நீங்கள் கொடுத்த முகவரியில்தான். நம்பிக்கையான நண்பரின் எண்ணை அங்கே எழுதலாம். சட்டம் எதுவும் தடுக்கவில்லை. இந்தக் கவனம் வீண் பயமல்ல: சொந்த வீட்டாரே தன்பாலீர்ப்புள்ள பெண்ணை அடைத்துவைத்த ஒரு வழக்கில், 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணை விடுவித்தது; திருமணம் ஒன்றுதான் குடும்பமாவதற்கு வழி என்றில்லை, நாமே தேர்ந்தெடுக்கும் குடும்பமும் உண்டு என்றது. இப்படி யாராவது திடீரென்று வராமல் போனால் முதலில் கவனிப்பது பக்கத்து இருக்கைக்காரர்தான்.

"எப்போ கல்யாணச் சாப்பாடு?"

அலுவலகத்தில் ஆளை அரிப்பது பெரிய வசவு மட்டுமல்ல, இந்தக் கேள்வியும்தான். "பொண்ணு பாத்தாச்சா?", "மாப்பிள்ளை ஃபாரினா?", "வீக்எண்டு யாரோட?" ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய், ஒவ்வொரு பொய்யையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி நாள்தோறும் ஒளித்துவைப்பதும், எப்போது அடிவிழுமோ என்று எதிர்பார்த்திருப்பதும் தனியான உளைச்சலைத் தருகின்றன என்று இலான் மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் எழுதினார். "சிறுபான்மை அழுத்தம்" என்பது அவர் கட்டுரையால் பரவலான கருத்து. ஈர்ப்பில் நோய் இல்லை, சூழலில்தான் நோய் என்பது சாரம்.

கைவசம் ஒரே ஒரு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். "அந்த டாபிக் நான் ஆபீஸ்ல பேசறதில்ல சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். அது பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. நான்கு முறை சொன்னால் ஐந்தாம் முறை கேட்க மாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் நண்பர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். "அக்கா, அவனை விடுங்க, அந்த ரிலீஸ் என்னாச்சு?" என்பது ஒரு மணி நேரப் பயிலரங்கைவிடப் பயன் தரும். கேலிக்குப் பயன்படும் பழைய சொற்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தால், வண்ணக் கயிறு மாட்டியவர்களாவது அவற்றுக்குச் சிரிக்கும் பொம்மை போடாமல் இருக்கலாம். என்ன சொல்வது என்று தெரியாதவர்களுக்கு, தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் இருக்கிறது. திருநர், திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பாளர், பால்புதுமையினர் ஆகியவை இன்று புழங்கும் சொற்கள்.

அந்தப் பட்டியலுக்கு வழிவகுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இந்த விஷயத்தில் புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தாமே போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். பால்புதுமையினரைப் பாதுகாக்கும் அவருடைய 2021 ஜூன் 7 ஆணை அதற்குப் பிறகுதான் வந்தது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு நேரம் இருந்தது; டெலிவரி மேனேஜருக்கும் இருக்கும்.

திருநர் ஊழியர்கள்: சட்டத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்

தனியார் நிறுவனத்தில் தன்பாலீர்ப்பாளரைப் பாகுபாட்டிலிருந்து பெயர் சொல்லிக் காக்கும் வேலைவாய்ப்புச் சட்டம் இன்னும் இல்லை. 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்திலும் புகார் தரக்கூடியவர் பெண் மட்டுமே. ஆண் ஊழியர் சீண்டலுக்கு ஆளானால் நிறுவனத்தின் நடத்தை விதிகள்தான் கதி. அந்த விதிகளில் "பாலீர்ப்பு" என்ற சொல் இருக்கிறதா, புகார் தரும் உரிமை எல்லாருக்கும் பொதுவா என்று ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திடும் முன் பார்த்துவிடுங்கள்.

திருநர் விஷயத்தில் சட்டம் இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வேலையில் சேர்ப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது. 2020 விதிகள் இன்னும் இறங்கிப் பேசுகின்றன: சமவாய்ப்புக் கொள்கையை நிறுவனம் வெளியிட வேண்டும், எல்லாப் பாலினருக்கும் பொதுவான கழிப்பறை, போக்குவரத்துப் பாதுகாப்பு, பாலின அடையாளத்தின் ரகசியம் எல்லாம் அதில் இருக்க வேண்டும், புகாரைப் பதினைந்து நாளில் விசாரிக்க வேண்டும். நேர்காணலின் முடிவில், "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "உங்கள் புகார் அலுவலர் யார்?" என்று கேளுங்கள். பதிலைவிட அந்த முகங்களைப் பார்த்தால் நிறைய தெரியும்.

பழைய பெயரில் இருக்கும் மதிப்பெண் பட்டியல், புதுப் பெயரில் ஆதார், பி.எஃப். கணக்கில் வேறொன்று என்று ஆவணங்கள் மூன்று திசையில் இழுக்கும். சேர்வதற்கு முன்பே பெயர் மாற்ற அரசிதழ் அறிவிப்பின் நகலோடு எச்.ஆருக்கு ஒரு கடிதம் எழுதி, அடையாள அட்டையிலும் மின்னஞ்சலிலும் எந்தப் பெயர் வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சேர்ந்த பிறகு மாற்றினால் எல்லோருக்கும் அது செய்தியாகிவிடும். ஒரு படிவம் என்ன செய்யும் என்பதற்குத் திருநங்கை பிரித்திகா யாஷினியின் கதையே சாட்சி. காவல் துறைத் தேர்வு விண்ணப்பத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களே இருந்ததால் முதலில் நிராகரிக்கப்பட்டார். 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் வழிவிட்டது. 2017இல் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். திறமை முதல் நாளிலிருந்தே இருந்தது, கட்டம்தான் இல்லை.

வேலை கொடுத்தாலே கடமை முடிந்தது என்று நினைக்கும் நிறுவனங்கள் கொச்சி மெட்ரோவை நினைத்துக்கொள்ளட்டும். 2017இல் இருபதுக்கும் மேற்பட்ட திருநர்களுக்கு அது வேலை கொடுத்து நாடெங்கும் பாராட்டு வாங்கியது. சில வாரங்களுக்குள் சிலர் விலகினார்கள். அவர்களுக்கு வாடகைக்கு வீடு தர ஆளில்லை. லாட்ஜ் வாடகை சம்பளத்தை விழுங்கியது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆள் எடுக்கும் ஆலைகள், நியமன ஆணையோடு தங்குமிடத்துக்கும் ஒரு ஏற்பாட்டைச் சேர்த்துக் கொடுத்தால் பாதிப் பேராவது நிற்பார்கள்.

துணைக்கு எது போய்ச் சேரும்?

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. அதனால் பத்தாண்டு சேர்ந்து வாழ்ந்தாலும் சட்டத்துக்கு நீங்கள் இருவரும் அறைத் தோழர்கள்தான். ஆனாலும் செய்யக்கூடியவை உண்டு. வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும், துணையை நாமினியாகக் குறிக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் விளக்கம் தந்துவிட்டது. கிளையில் முகம் சுளித்தால் அதைக் காட்டுங்கள். பி.எஃப். கதை வேறு. அந்தத் திட்டம் சொல்லும் "குடும்பம்" உங்களுக்கு இருந்தால், அதாவது மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உங்களைச் சார்ந்த பெற்றோர் இருந்தால், அவர்களைத்தான் குறிக்க முடியும். அப்படி யாரும் இல்லாதவர் யாரையும் குறிக்கலாம்.

நாமினி என்பவர் பெரும்பாலும் பணத்தை வாங்கி வைப்பவரே தவிர உரிமையாளர் ஆவதில்லை. வாரிசுகள் கேட்டு வரலாம். எனவே உயில் எழுதுங்கள். முப்பது வயதில் உயிலா என்று சிரிக்க வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் செல்லும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. துணையையே சாட்சியாகப் போட்டுவிடாதீர்கள்.

மனம் தாங்காத நாளில்

பெரிய நிறுவனங்களில் ஊழியர்களுக்கு இலவச ஆலோசனைத் தொலைபேசி இருக்கும். முதல் அழைப்பிலேயே, "பால்புதுமையினரோடு வேலை செய்த அனுபவம் உண்டா? நான் பேசுவது அலுவலகத்துக்குப் போகுமா?" என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். "மாற்றிவிடலாம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே எழுந்துவிடலாம். அத்தகைய சிகிச்சை முயற்சிகளை மேலே சொன்ன 2021 ஆணை தடைசெய்தது. மருத்துவர் செய்தால் அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. புகார் கொடுக்க மாநில மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. காசில்லாமல் தமிழில் பேச அரசின் டெலி மானஸ் எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும். தன்னைப் போன்றவர்களோடு பேச சென்னையில் ஓரினம், சகோதரன் போன்ற அமைப்புகள் நெடுநாளாக இருக்கின்றன.

எச்.ஆரே இல்லாத இடங்களில்தான், ஜவுளிக்கடையிலும் அச்சகத்திலும் நான்கு பேர் ஆடிட்டர் அலுவலகத்திலும், நம்மில் பெரும்பாலோர் வேலை பார்க்கிறோம். அங்கே கொள்கையும் கிடையாது, புகார் அலுவலரும் கிடையாது. முதலாளியின் மனநிலைதான் சட்டம். அங்கே அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. சான்றிதழ்கள், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். சில மாத வாடகைக்கான பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். பேரணிக்குப் போக ஆசையிருந்தால் போங்கள். முகமூடி அணிந்தும் முகத்தில் வண்ணம் பூசியும் வருபவர்கள் அங்கே புதிதல்ல. சக ஊழியரை அங்கே பார்த்தால் கையசைக்கலாம். படம் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

விழா நடத்துபவர்களுக்கும் சில வார்த்தைகள். அலுவலகத்தில் வெளிப்படையாக இருக்கும் ஒரே ஊழியரை ஒவ்வோர் ஆண்டும் மேடையேற்றி அழவைக்காதீர்கள். வெளியிலிருந்து திருநங்கை ஒருவரைப் பேச அழைத்தால் மற்றப் பேச்சாளர்களுக்குத் தரும் தொகையை அவருக்கும் கொடுங்கள். பொன்னாடையை வைத்து வாடகை கட்ட முடியாது. பன்னிரண்டு பேர் டீமில், "பெயரில்லாக் கருத்துக்கணிப்பு" என்று பாலீர்ப்பைக் கேட்காதீர்கள்; யார் என்று மதியத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மனிதவளத் துறையினரிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் குழு மருத்துவக் காப்பீடு புதுப்பிக்கும் தேதியைப் பாருங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னதாக, ஊழியரின் துணையைப் பாலினம் பார்க்காமல் சேர்க்க முடியுமா, திருநரின் பாலின உறுதிப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்குச் செலவு தரப்படுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். டாடா ஸ்டீல் 2019 டிசம்பரிலேயே துணையைப் பதிவுசெய்யவும் சலுகைகள் பெறவும் தன் ஊழியர்களுக்கு வழிசெய்தது. ஆகவே இது நடக்காத காரியம் இல்லை. "முடியாது" என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அடுத்த காப்பீட்டு நிறுவனத்திடம் விலை கேளுங்கள்.