கோப்பின் பெயரும் இயல்பும்

கோப்பின் பெயரில், இறுதிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதி 'நீட்டிப்பு' எனப்படும். அதுவே கோப்பின் வகையைச் சுட்டும். ஆயினும், பெயர் எப்போதும் மெய்யுரைப்பதில்லை.

2000 மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து 'ஐ லவ் யூ' என்னும் நச்சுநிரல் மின்னஞ்சல் வழியே பரவியது. இணைப்பாக வந்த கோப்பின் பெயர், உரைக்கோப்பிற்குரிய 'டிஎக்ஸ்டி' என்று முடிவதாகத் தோன்றியது. அதன்பின் 'விபிஎஸ்' என்னும் உண்மையான நீட்டிப்பு இருந்தது. அது கட்டளை நிரலைக் குறிப்பது. விண்டோஸ் இயங்குதளம் தான் அறிந்த நீட்டிப்புகளை மறைத்துக் காட்டியதால், பலரும் கடிதமென்றெண்ணித் திறந்தனர். நிரல் அவர்களின் படக்கோப்புகளைச் சிதைத்தது. முகவரி ஏட்டிலிருந்தோர்க்கெல்லாம் தன்னை அனுப்பியது. நண்பரிடமிருந்து வந்ததாலேயே அடுத்தவரும் நம்பினார்.

நீட்டிப்பை எவரும் மாற்றலாம். கோப்பினுள் அமைந்த முதல் எழுத்துகளோ வகையை உணர்த்துவன. ஜிப் கோப்பு 'பிகே' என்றும், விண்டோஸின் இயங்கு கோப்பு 'எம்இசட்' என்றும் ஆங்கில எழுத்துகளால் தொடங்கும். படமென்று வந்த கோப்பு 'எம்இசட்' எனத் தொடங்கின், அது படமன்று.

ஆகவே மாணவர்களே, அறியாத கோப்பைக் கண்டவுடன் சொடுக்காதீர்கள். நீட்டிப்பு முழுவதும் தெரியுமாறு கணினியின் அமைப்பை மாற்றுங்கள். அனுப்பியவரைத் தொலைபேசியில் கேட்டறியுங்கள். நச்சுநிரல் தடுப்பியால் ஆராயுங்கள். அதன்பின்னும் ஐயம் நீங்காவிடில், திறவாமல் நீக்குங்கள். திறக்காத கோப்பால் இழப்பது சிறிது. ஆராயாது திறந்த கோப்பால் இழப்பதோ பெரிது.