ஒரு புஷ், எல்லாக் கிளைகளும்: ஃபயர்வால் மைய நிர்வாகத்தில் நான் கற்றவை

கிளைக்கு ஒரு ஃபயர்வால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லாகின் என்று இருந்தபோது, தவறான ஒரு ரூல் அந்த ஒரு கிளையை மட்டும் நிறுத்தியது. மைய நிர்வாகம் வந்த பிறகு ஒரே திரையிலிருந்து எல்லாக் கிளைகளுக்கும் ரூல் போகிறது. தவறும் அதே வழியில் போகிறது. ஒரு வயலின் மடையைத் திறப்பதற்கும் ஏரியின் தலைமதகைத் திறப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

பல மாநிலங்களில் கிளைகள் உள்ள ஒரு நிறுவனத்துக்காகச் சென்னையிலிருந்து பாலோ ஆல்டோவின் மைய நிர்வாகக் கருவியான பனோரமாவை நிர்வகித்து வருகிறேன். இந்த வேலையில் ரூல் எழுதுவது சிறு பங்குதான். ஒரு மாற்றம் எந்தெந்த ஃபயர்வால் பெட்டி வரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதே பெரும்பங்கு. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அந்த எல்லையைக் காப்பதற்கான வழி. உதாரணங்கள் பனோரமாவிலிருந்து வந்தாலும், ஃபோர்டிமேனேஜர், செக் பாயிண்ட், சிஸ்கோ எஃப்எம்சி வைத்திருப்பவர்களுக்கும் பெயர்களை மாற்றிக்கொண்டால் பொருந்தும்.

அமைப்பை முதலில் காகிதத்தில் வரையுங்கள்

பனோரமாவில் இரண்டு தனித்தனிப் படிநிலைகள் உண்டு. இன்டர்ஃபேஸ், ஸோன், ரவுட்டிங், டிஎன்எஸ், என்டிபி போன்ற பெட்டியின் அமைப்புகள் டெம்ப்ளேட்டில் இருக்கும். ரூல்களும் அட்ரஸ் ஆப்ஜெக்ட்களும் டிவைஸ் குரூப்பில் இருக்கும். ஷேர்டு என்ற பொதுத்தளத்துக்குக் கீழே டிவைஸ் குரூப்களை நான்கு அடுக்கு வரை கட்டலாம். டெம்ப்ளேட்களை ஸ்டாக்காக அடுக்கும்போது, ஒரே அமைப்பு இரண்டில் இருந்தால் மேலே உள்ளதன் மதிப்புதான் செல்லும்.

டிவைஸ் குரூப்பை மாநிலவாரியாகப் பிரிக்கத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ஒரே மாநிலத்தில் இருப்பதாலேயே ஒரு கிடங்குக்கும் ஒரு விற்பனைக் கிளைக்கும் ஒரே ரூல் தேவைப்படாது. கோவைக் கிடங்குக்கும் புனே கிடங்குக்கும்தான் ஒரே ரூல் தேவை. எனவே கிளை, கிடங்கு, டேட்டா சென்டர், இன்டர்நெட் எல்லை என்று வேலையின் அடிப்படையில் பிரியுங்கள். அப்படிப் பிரித்தால், ‘இந்த மாற்றம் யாருக்கு?’ என்ற கேள்விக்கு டிவைஸ் குரூப்பின் பெயரே பதில் சொல்லிவிடும்.

ஸோன் பெயர்களை முதல் நாளே ஒரே மாதிரி வைத்துவிடுங்கள். ரூல் டிவைஸ் குரூப்பில் இருக்கிறது, ஸோன் டெம்ப்ளேட்டில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது பெயர் மட்டுமே. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் அது வேறு ஸோன்தான். தனித்தனியாக இருந்த பெட்டிகளை மையத்துக்குள் கொண்டுவரும்போது, ஒரே உள் நெட்வொர்க்குக்கு மூன்று நான்கு பெயர்கள் இருப்பதைப் பார்ப்பீர்கள். அதைச் சீர்செய்யாமல் பொது ரூல் எழுத முடியாது. பெட்டிக்குப் பெட்டி மாறும் ஐபி முகவரிகளுக்கு டெம்ப்ளேட் வேரியபிள் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு கிளைக்கும் தனி டெம்ப்ளேட் வைத்தால் மைய நிர்வாகத்துக்கே பொருளில்லாமல் போகும்.

முன் ரூல், உள்ளூர் ரூல், பின் ரூல்

பெட்டி ஒரு இணைப்பைச் சோதிக்கும் வரிசை இது: ஷேர்டு முன் ரூல்கள், பிறகு மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்கு வரை டிவைஸ் குரூப் முன் ரூல்கள், அடுத்து அந்தப் பெட்டியிலேயே எழுதிய உள்ளூர் ரூல்கள், அதன் பின் கீழிருந்து மேலாகப் பின் ரூல்கள், கடைசியில் இரண்டு டிஃபால்ட் ரூல்கள். இதில் எது முதலில் பொருந்துகிறதோ அதோடு முடிந்தது.

ஷேர்டு முன் ரூலில் நிறுவனம் முழுவதற்கும் மாறாத உண்மைகளை மட்டும் வையுங்கள்: தடை செய்ய வேண்டிய தீய முகவரிகளின் பட்டியல், டிஎன்எஸ், என்டிபி, நிர்வாகப் போக்குவரத்து. அங்கே எழுதும் ஒவ்வொரு வரியும் எல்லாப் பெட்டிக்கும் போகும். ஒரே ஒரு துறை கேட்டது என்பதற்காக அங்கே ரூல் சேர்க்காதீர்கள்.

கடைசி இரண்டு டிஃபால்ட் ரூல்களும் தாமாக லாக் எழுதாது. அவற்றை ஓவர்ரைடு செய்து லாக்கை இயக்கி வையுங்கள். ‘அப்ளிகேஷன் திறக்கவில்லை’ என்று அழைப்பு வரும்போது, எங்கே மறுக்கப்பட்டது என்று காட்டுவது பெரும்பாலும் அந்த லாக்தான்.

ரூலைக் குறிப்பிட்ட பெட்டிகளுக்கு மட்டும் என்று டார்கெட் செய்யும் வசதியும் உண்டு. அவசரத்துக்கு உதவும். ஆனால் அது பழக்கமாகிவிட்டால், திரையில் தெரியும் ரூல் பட்டியலுக்கும் பெட்டியில் உண்மையில் ஓடுவதற்கும் தொடர்பு அறுந்துபோகும். ஒரு விதிவிலக்கு நிலையாக இருக்கப் போகிறது என்றால் அதற்குத் தனி டிவைஸ் குரூப் அமையுங்கள்.

கமிட் வேறு, புஷ் வேறு

கமிட் செய்தால் மாற்றம் பனோரமாவில் பதிகிறது. புஷ் செய்தால்தான் பெட்டிக்குப் போகிறது. இடையில் உள்ள அந்த நேரம் சோதனைக்கானது.

எங்கள் குழுவில் புதிதாக வரும் இளைஞர், “அண்ணா, புஷ் பண்ணிடவா?” என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “எந்தெந்தப் பெட்டிக்குப்பா போகுது?” அவர் பட்டியலைப் பார்க்காமல் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதும் திரையில் உள்ளதும் ஒத்துப்போனால்தான் புஷ். பலமுறை ஒத்துப்போகாது, காரணம், வேறொருவர் கமிட் செய்துவிட்டுப் புஷ் செய்யாமல் விட்ட மாற்றமும் அதில் சேர்ந்திருக்கும். பிரிவியூவைத் திறந்து, பழையதையும் புதியதையும் வரிவரியாக ஒப்பிடுவதற்கு மாற்று எதுவும் இல்லை. பெரிய மாற்றம் செய்யும்போது கமிட் லாக் (பூட்டு) போட்டுக்கொள்வது மற்றவருக்கும் பாதுகாப்பு.

புஷ் திரையில் இரண்டு தேர்வுகளைத் தனியாகக் கவனியுங்கள். ஒன்று, பெட்டியின் கேண்டிடேட் கான்ஃபிக்கோடு சேர்ப்பது. கிளையில் யாரோ பாதி செய்து விட்டுவைத்த உள்ளூர் மாற்றமும் உங்கள் புஷ்ஷோடு சேர்ந்து அமலுக்கு வந்துவிடும். இரண்டு, டெம்ப்ளேட் மதிப்புகளைக் கட்டாயமாகத் திணிப்பது. இது உள்ளூரில் ஓவர்ரைடு செய்த அமைப்புகளை அழித்துவிடும். அந்தக் கிளையின் இன்டர்நெட் இணைப்பு உள்ளூர் அமைப்பில் ஓடிக்கொண்டிருந்தால், ஒரே டிக் அதைத் துண்டித்துவிடும். என்ன அழியும் என்று தெரியாமல் அதைத் தேர்வு செய்யக் கூடாது.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில் புஷ் செய்யாதீர்கள். முதலில் ஆய்வகப் பெட்டி, அடுத்து பாதிப்பு குறைவான ஒரு கிளை, பிறகு கிளைகளின் ஒரு பகுதி, கடைசியில் டேட்டா சென்டர். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு தவறான கன்டென்ட் அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. படிப்படியாக அனுப்பியிருந்தால் மிகச் சிறிய வட்டத்திலேயே நின்றிருக்கும். ஃபயர்வாலுக்கு வரும் அப்ளிகேஷன், த்ரெட் அப்டேட்டுகளுக்கும் இதே விதிதான். புதிய ஆப்-ஐடி வந்தால், நேற்று வரை பொதுவான வலைப் போக்குவரத்தாக அனுமதிக்கப்பட்டது இன்று வேறு பெயரில் அடையாளம் காணப்பட்டு மறுக்கப்படலாம். அப்டேட் வெளியாகி இத்தனை மணி நேரம் கடந்த பிறகே நிறுவு என்று வரம்பு வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். டேட்டா சென்டருக்கு வரம்பை நீளமாக வையுங்கள்.

நிர்வாகப் பாதையைத் தனியாக வையுங்கள்

பெட்டிகள் பனோரமாவோடு டிசிபி 3978 போர்ட்டில் பேசுகின்றன. அந்தப் பேச்சு நின்றாலும் பெட்டி கடைசியாகப் பெற்ற ரூல்களோடு தொடர்ந்து ஓடும். பனோரமா விழுந்தால் அலுவலகம் நிற்காது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் அனுப்பும் ரூலோ ரவுட்டோ அந்தப் பாதையையே அடைத்துவிட்டால், திருத்தத்தை அனுப்பவும் வழி இருக்காது.

கனடாவில் 2022 ஜூலை 8 அன்று ரோஜர்ஸ் நெட்வொர்க் முழுவதும் விழுந்தது. பராமரிப்பின்போது ஒரு ரவுட்டரில் இருந்த வடிகட்டி நீக்கப்பட்டதால், மைய ரவுட்டர்கள் தாங்க முடியாத அளவு ரவுட்டுகள் வந்து குவிந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். நிர்வாக நெட்வொர்க்கும் அதே மைய நெட்வொர்க்கை நம்பியிருந்ததால், பொறியாளர்களால் தங்கள் கருவிகளுக்குள்ளேயே நுழைய முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கவே பல மணி நேரம் ஆனது.

பாலோ ஆல்டோவில் ஆட்டோமேட்டட் கமிட் ரெகவரி என்ற வசதி இருக்கிறது. மாற்றம் அமலுக்கு வந்ததும் பனோரமாவை எட்ட முடிகிறதா என்று பெட்டியே சோதிக்கும்; முடியாவிட்டால் பழைய கான்ஃபிக்குக்குத் திரும்பிவிடும். இது எல்லாப் பெட்டியிலும் இயங்குகிறதா என்று பாருங்கள். இணைப்பு மெதுவாக உள்ள கிளைகளில் சோதனை முயற்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இல்லையென்றால் நல்ல மாற்றமும் திரும்பிப் போய்விடும். முக்கிய இடங்களில் கன்சோல் சர்வரும், நிறுவன நெட்வொர்க்கைச் சாராத தனி 4ஜி இணைப்பும் வையுங்கள். கிளையில் கேபிள் மாற்றத் தெரிந்த ஒருவரின் தொலைபேசி எண் காகிதத்திலும் இருக்கட்டும்.

ரூலுக்கும் ஆயுள் உண்டு

விளக்கம், டிக்கெட் எண், பொறுப்பாளர், முடிவு தேதி: இந்த நான்கும் இல்லாத ரூலை ஏற்காதீர்கள். விளக்கமும் டேகும் இல்லாமல் ரூலைச் சேமிக்க விடாத அமைப்பு பனோரமாவிலேயே இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் யாரோடும் வாதாட வேண்டியதில்லை.

ரூல் பயன்பாட்டைப் பனோரமா மூன்று விதமாகக் காட்டும்: பயன்படுகிறது, ஓரளவு பயன்படுகிறது, பயன்படவில்லை. இதில் நடுவில் இருப்பதுதான் எனக்கு அதிகம் உதவியது. ஒரு ரூல் பல பெட்டிகளுக்குப் போயும் ஒன்றிரண்டில் மட்டும் பயன்படுகிறது என்றால், அது இருக்க வேண்டிய அடுக்கு வேறு. கீழே இறக்குங்கள். பயன்படாத ரூலை உடனே அழிக்காமல் முதலில் முடக்கி வையுங்கள். மார்ச் 31 கணக்கு முடிப்புக்கும் ஆண்டுத் தணிக்கைக்கும் மட்டும் பயன்படும் இணைப்புகள் இருக்கின்றன. மூன்று மாதத் தரவை மட்டும் பார்த்தால் அவை செத்த ரூல்களாகவே தெரியும்.

மைய அமைப்பே முதல் இலக்கு

எல்லாப் பெட்டியின் கான்ஃபிக்கும் ஓரிடத்தில் இருப்பதால் தாக்குபவர்களும் அங்கேதான் வருவார்கள். 2024 அக்டோபரில் வெளியான சிவிஇ-2024-47575 ஃபோர்டிமேனேஜரில் இருந்த குறை. அங்கீகாரமே இல்லாமல் உள்ளே கட்டளை இயக்க வழிவிட்டது. அதே ஆண்டு ஜூனிலிருந்தே அது பயன்படுத்தப்பட்டதையும், நிர்வகிக்கப்படும் பெட்டிகளின் கான்ஃபிக் வெளியே எடுத்துச் செல்லப்பட்டதையும் மேண்டியன்ட் நிறுவனம் கண்டறிந்தது. நவம்பரிலேயே பாலோ ஆல்டோவின் நிர்வாக இணையத்திரையில் சிவிஇ-2024-0012 வந்தது. பனோரமாவும் அதில் அடங்கும்.

எனவே நிர்வாகத் திரையை இன்டர்நெட்டுக்குத் திறக்காதீர்கள். ஜம்ப் சர்வர் வழியாக மட்டும், இரட்டை அங்கீகாரத்தோடு வாருங்கள். பொது ‘அட்மின்’ கணக்கைப் பலர் பகிர்வதை நிறுத்துங்கள். கிளை நிர்வாகிக்கு அவருடைய டிவைஸ் குரூப் மட்டும் தெரியும்படி ஆக்சஸ் டொமைன் அமையுங்கள். அங்கீகார சர்வர் விழுந்தால் நுழைவதற்கு ஒரே ஒரு உள்ளூர்க் கணக்கு, முத்திரையிட்ட உறையில் இருக்கட்டும். அது பயன்பட்டால் குழு முழுவதற்கும் எச்சரிக்கை போகட்டும்.

லாக், நேரம், பேக்கப்

பதிப்பு உயர்த்தும்போது பனோரமா முதலில், லாக் கலெக்டர் அடுத்து, பெட்டிகள் கடைசியில். பனோரமாவின் பதிப்பு பெட்டியினுடையதற்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும். சான்றிதழ்களின் காலாவதித் தேதிகளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். 2023 டிசம்பர் 31 அன்று பாலோ ஆல்டோ பெட்டிகளின் இயங்குதளமான பான்-ஓஎஸ்ஸின் ரூட் சான்றிதழ் காலாவதியானதால், அந்த ஆண்டுக் கடைசி வாரங்கள் உலகம் முழுக்க ஃபயர்வால் குழுக்களுக்கு அப்டேட் வாரங்களாயின.

இந்தியாவில் வேலை செய்பவர்கள் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் ஆணையை மனத்தில் வைக்க வேண்டும். லாக்குகள் 180 நாட்களுக்கு இருக்க வேண்டும். பட்டியலிட்ட சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கடிகாரங்கள் என்டிபி வழியே ஒத்திசைந்திருக்க வேண்டும். டிஸ்க் அளவை இதிலிருந்து கணக்கிடுங்கள். தினசரி கான்ஃபிக் ஏற்றுமதியைத் தனி சர்வருக்கு அனுப்புங்கள். பழுதான பெட்டிக்குப் பதில் புதிய பெட்டி வைக்கும் பயிற்சியை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வகத்தில் செய்து பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

சேவையைச் சோதியுங்கள்

மாற்றம் முடிந்ததும் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். அது பெட்டியின் நலத்தைச் சொல்கிறது, மக்களின் வேலை நடப்பதைச் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவில் 2025 செப்டம்பர் 18 அன்று ஆப்டஸ் நிறுவனத்தில் ஒரு ஃபயர்வால் மேம்படுத்தப்பட்டது. சாதாரண அழைப்புகள் வழக்கம்போல் போயின. 000 என்ற அவசர எண்ணுக்கான அழைப்புகள் சுமார் 13 மணி நேரம் பல பகுதிகளில் இணையவில்லை. உயிரிழப்புகளும் அதோடு தொடர்புபடுத்தப்பட்டன.

உங்கள் நிறுவனத்தில் நின்றுபோகவே கூடாத சேவைகள் எவை என்று இந்த வாரமே பட்டியலிடுங்கள்: பணப் பரிமாற்றம், மருத்துவமனை என்றால் ஆய்வக முடிவு, அவசர அழைப்பு, சம்பளம். ஒவ்வொன்றுக்கும் சோதிக்கும் முறையையும் சோதிப்பவரின் பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு புஷ்ஷுக்குப் பிறகும் அந்தப் பட்டியலை முழுவதும் முடித்த பின்னரே டிக்கெட்டை மூடுங்கள். நமது ஒரு கிளிக்குக்குப் பின்னால், நம்மை அறியாத பலருடைய அன்றைய வேலையும் சில சமயம் உயிரும் இருக்கின்றன. அவசரப்படுத்துபவர் யாராக இருந்தாலும், இந்தச் சோதனையை விட்டுக்கொடுக்காதீர்கள்.